வீரம்மா ஐஸ் ஊற்றிய குஞ்சமரம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் கேட்டு நான் மழுப்பிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு மூட்டை மீன் ஐஸிலிருந்து வந்தது. போன பிப்ரவரியில் ஒரு மத்தியானம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மலேசியாவில் எங்கள் செமோர் ஊர் வெயிலில், ஒரு பெண் மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கி, ஒரு மரத்தின் காலடியில் ஐஸ் கொட்டுவது மனசில் தெரிந்தது. ஐஸிலிருந்து புகை கிளம்பியது. மீன் வாடை அடித்தது. வெங்காயத்தைப் போட்டுவிட்டுக் கணினிக்கு ஓடினேன். அன்றைக்குக் குழம்பு தீய்ந்தது வேறு கதை.

அன்று எழுதிய தொடக்கங்களை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

(தொடக்கம் அ: "பேராக்கில் எங்கும் பனி பெய்வதில்லை, வீரம்மாவின் வீட்டு வாசலைத் தவிர." அழகாகத்தான் இருக்கிறது. அழகுக்காக எழுதியது என்று படித்தவுடன் தெரிகிறது. வேண்டாம்.)

(தொடக்கம் ஆ: "தினேஸ்வரி வீட்டைவிட்டுப் போன மூன்றாம் வருடம் அந்த மரம் காய்—" இதிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் பிறகு எதற்குக் கதை?)

(தொடக்கம் இ: "ஒரு தாய்க்கு" இதற்கு மேல் கை ஓடவில்லை. ஒரு தாய்க்கு என்ன? எனக்குப் பிள்ளை இல்லை. எனக்கு என்ன தெரியும்?)

ஒன்றை மட்டும் இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள். வீரம்மா என்று ஒருவர் கிடையாது. நான் உண்டாக்கிய ஆள். மரம் அப்படியில்லை, மரம் உண்மை.

2

மரத்தைப் பற்றி.

தமிழில் இதற்குப் பெயர் இல்லை. ஈப்போவில் நாற்று விற்கும் சீனக் கிழவர் 'லாவ் சோ' என்றார், குஞ்சம் என்று அர்த்தமாம். ஆங்கிலப் பெயரிலும் குஞ்சம்தான் இருக்கிறது. ஆகவே நான் குஞ்சமரம் என்று எழுதுகிறேன், தமிழாசிரியர்கள் யாரும் சண்டைக்கு வரவேண்டாம். பூ வெள்ளை. இதழ் என்று சொல்ல முடியாது. வெள்ளைத் துணியை நூல் நூலாகப் பிரித்து, நாலு நாலு நூலாகக் கட்டித் தொங்கவிட்டதுபோல் இருக்கும். பூத்தால் இலை தெரியாது. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் யாரோ வெள்ளைப் போர்வை போர்த்திக்கொண்டு நிற்பதாகத் தோன்றும். எனக்கு அந்தத் தோற்றம் பிடிக்காது. பிடிக்காது என்று சொல்வதைவிட, அது பூத்திருக்கும்போது அதற்கு முதுகு காட்டி நிற்கமாட்டேன்.

வளர்ப்பது சுலபமும் இல்லை, கஷ்டமும் இல்லை. காலை வெயில் வேண்டும், மத்தியான வெயில் ஆகாது. காலடியில் சருகு பரப்பி மண்ணை ஈரமாக வைக்க வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக்கூடாது. கிளையை வெட்டிவிட்டால் அந்த வருடம் பூ போச்சு. மற்ற மரமெல்லாம் துளிர்த்து முடித்த பிறகுதான் இது இலை விடும். அதுவரை செத்த மரமாகவே நிற்கும். பொறுமை இல்லாதவர்கள் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். இடம் மாற்றினால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இரண்டு வருடம் சும்மா இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, இது குளிர்நாட்டு மரம். குளிர் வந்து போனால்தான் பூக்கும். அதாவது நம் ஊரில் பூக்கக்கூடாது.

தினேஸ்வரி, வீரம்மாவின் மகள், ஓர் எலக்ட்ரானிக் கம்பெனியில் டெக்னீஷியன். கமுந்திங்கில் வேலை. கம்பெனி ஆறு மாதப் பயிற்சிக்குத் தைவானுக்கு அனுப்பியது. அங்கே வேலைக்கு நடந்து போகிற சாலை முழுக்க இந்த மரம். திரும்பும்போது இரண்டு ஒட்டுக்கன்றுகளை ஈரத்துணி சுற்றி, காலணிக்குள் ஒவ்வொன்றாக மறைத்துக் கொண்டுவந்தாள். (சட்டப்படி தப்பு. தெரியும்.) ஒன்றைத் தரையில் நட்டார்கள். இன்னொன்று சாயம் தீர்ந்த பெரிய தகரடின்னில்.

"குளுரு வேணும்மா இதுக்கு," என்றாள் மகள்.

"குளுருக்கு நான் எங்க போவேன்? கேமரன்மலையவா தூக்கியாருவேன்?" என்றாள் அம்மா.

மறுநாளிலிருந்து ஐஸ் வந்தது. வீரம்மா வேலை செய்வது மீன் உருண்டை செய்கிற கம்பெனியில். பெட்டியில் மிஞ்சுகிற ஐஸை வாய்க்காலில் கொட்டுவார்கள். அதை மூட்டையில் அள்ளி, மோட்டாரின் முன்கூடையில் வைத்து, மத்தியானம் இரண்டு மணிக்கு வேலை விட்டதும் பறந்து வருவாள், வழியில் பாதி உருகிப்போய்விடும். டிசம்பர், ஜனவரி, இரண்டு மாதம், ஒரு வேலைநாள் தவறாமல்.

3

இங்கே கொஞ்சம் நிறுத்த வேண்டியிருக்கிறது. வீரம்மா மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

என் பெயர் சாரதாதேவி. அரசாங்க நில அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் அப்பா கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. விடிகாலையில் ஆட்கள் வரிசையாக நிற்கும் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவது அவர். பேர் கூப்பிட்டபோது நிற்காதவருக்கு அன்று வேலை இல்லை என்று சொல்வதும் அவர். வீரம்மா அந்த மாதிரி ஒரு தோட்டத்தில்தான் பிறந்தாள் என்று எழுதியிருக்கிறேன். ரப்பர்ப்பால் வெட்டுகிறவர்களின் மகள். எங்கள் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள். அவர்கள் வீட்டில் நான் ஒருநாள்கூடச் சாப்பிட்டதில்லை. இப்போது அவள் என்ன நினைக்கிறாள், என்ன பேசுகிறாள் என்று எழுத வந்துவிட்டேன். நேரில் பார்த்தால் "நீங்க" என்பேன், கதையில் "அவள்" என்கிறேன். திமிர்தானே?

என் வீட்டுக்காரர் ஐயாத்துரை, நான் எழுதியதையெல்லாம் படிப்பார். ரயில்வேயில் வரைபடம் போட்டவர், கோணல் இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்.

"மனுசி நல்லவவாய் இருக்கிறா. பிள்ளை ஏன் ஓடினது?" என்றார்.

"அதைத்தான் யோசிக்கிறன்."

"யோசிக்க என்ன கிடக்கு? உமக்குத் தெரியாது. தெரியாதெண்டு எழுதும்."

தெரியாது என்று எழுதுகிறேன்.

4

தெரியாது என்றாலும் எழுதிப் பார்த்தேன்.

(காதல். பையன் வேறு இனம். அம்மா ஒப்பவில்லை. — சீ, இதைப் பத்து பேர் எழுதிவிட்டார்கள்.)

(அம்மா அடித்தாள். — இல்லை. ஐஸ் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிற கையால் அடிக்க வைக்க எனக்கு மனசு வரவில்லை. மனசு வரவில்லை என்பது ஆதாரமா என்று கேட்டால், இல்லை.)

(அம்மா தினமும் மூன்று தடவை கம்பெனிக்குப் போன் பண்ணினாள். சாப்பாட்டு நேரத்தில், டீ நேரத்தில், பஸ் ஏறும் நேரத்தில். போனை எடுக்கவில்லையென்றால் வாசலில் நிற்கும் செக்யூரிட்டி கார்டுக்குப் போன். கார்டு எடுக்கவில்லையென்றால் மோட்டாரில் கமுந்திங்வரை— இதை விட்டுவைக்கிறேன். இது உண்மையாக இருக்கலாம் என்று படுகிறது.)

எப்படியோ, மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு வேலைநாளில், வீரம்மா கம்பெனிக்குப் போயிருந்தபோது தினேஸ்வரி ஒரு வாடகைக் கார் கூப்பிட்டுக் கிளம்பிவிட்டாள். துணிமணி, சான்றிதழ்கள், கூடவே தகரடின்னில் இருந்த குஞ்சமரம்.

வீரம்மா அதைத்தான் பிடித்துக்கொண்டாள். போலீஸில் எழுதிக் கொடுத்தபோது, "வயசு இருபத்தேழும்மா, சொந்த இஷ்டத்துக்குப் போயிருக்கு, நாங்க என்ன பண்றது?" என்று அனுப்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டு மாரியம்மா, "சிங்கப்பூருக்குப் போயிருப்பா, வுடு," என்றாள்.

"எப்பிடிலா சிங்கப்பூர் போவா? மரத்த தூக்கிட்டுல்ல போயிருக்கா," என்றாள் வீரம்மா. "மரத்த தூக்கிட்டுப் போறவ எவ்ளோ தூரம் போவா, சொல்லு. இங்கனதான் எங்கயோ இருக்கா."

அந்தப் பேச்சில் ஒரு நியாயம் இருக்கிறது. எழுதின எனக்கே உடம்பு சிலிர்த்தது.

5

இனி வருவது ஒரு வழக்கம். மலேசியாவில் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். மலாய்க்காரர்களும் டுரியானுக்குச் செய்வார்கள் என்று கேள்வி.

காய்க்காத மரத்தை மிரட்டுவது. இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு மரத்தின் முன்னால் போய், "காய்ப்பியா மாட்டியா? இல்ல வெட்டிப் போடட்டா?" என்று கத்தியை ஓங்க வேண்டும். இன்னொருவர் மரத்துக்குப் பின்னால் நின்று மரத்துக்காகக் கெஞ்ச வேண்டும்: "வெட்டாதீங்க, இந்த வருசம் காய்க்கிறேன்." பேருக்கு ஒரு வெட்டு, பட்டையில் லேசாக. அவ்வளவுதான். மரம் பயந்துவிடும்.

பொங்கலுக்கு மறுநாள் வீரம்மா கத்தியை ஓங்குவாள், தினேஸ்வரி மரத்துக்குப் பின்னால் நின்று சிரித்துக்கொண்டே கெஞ்சுவாள். ஒவ்வொரு வருடமும். மகள் போன பிறகு இரண்டு பொங்கல் சும்மா போனது. மூன்றாவது பொங்கலுக்கு வீரம்மா தனியாகவே கத்தியை எடுத்தாள்.

இந்தக் காட்சியை நான் இப்படி எழுதினேன்:

"பூப்பியா மாட்டியா? காய்ப்பியா மாட்டியா? இல்லன்னா இன்னிக்கே வெட்டிப் போட்ருவேன்!" என்றாள் வீரம்மா. மரத்துக்குப் பின்னால் யாரும் இல்லை.

"................................"

வேண்டுமென்றே புள்ளி வைத்தேன். பதில் சொல்ல ஆள் இல்லை என்பது வாசகருக்குப் படவேண்டும் என்று. கோப்பைச் சேமித்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். மறுநாள் காலை காப்பியோடு உட்கார்ந்து திறந்தேன். புள்ளிகள் இல்லை. அந்த இடத்தில் இருந்தது:

"காய்க்கிறேம்மா. வெட்டாதீங்க."

ஐயாத்துரையைக் கூப்பிட்டேன். "இது நீங்கள் அடிச்சதோ?"

"எனக்குத் தமிழில அடிக்கத் தெரியாதெண்டு உமக்குத் தெரியாதோ?" என்றார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். "நீர்தான் அடிச்சுப்போட்டு மறந்திருப்பீர். வயசு."

இருக்கலாம். ஆனால் நான் 'காய்க்கிறேம்மா' என்று எழுதுகிற ஆள் இல்லை. 'காய்க்கிறேன் அம்மா' என்றுதான் என் கை எழுதும். அந்த வரியை அழித்துவிட்டுத் திரும்பப் புள்ளி வைத்தேன். மறுநாளும் வரி இருந்தது. மூன்றாம் நாள் நான் அழிக்கவில்லை. பயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

6

மார்ச்சில் மரம் பூத்தது. முதல் தடவை. தாமானில், அதாவது அந்தக் குடியிருப்பில், ஜனம் வந்து நின்று போனில் படம் பிடித்தார்கள். பூ உதிர்ந்த பிறகு பச்சையாகச் சின்னச் சின்னக் காய். ஆகஸ்டில் அது கறுநீலமாக மாறியது. நாவல்பழம்போல், இன்னும் சிறிதாக.

பூவுக்கு வீரம்மா அழுதாள். காயைப் பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது.

தோட்டத்து ஆளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பப்பாளியில் ஆண் உண்டு, பெண் உண்டு. குஞ்சமரத்திலும் அப்படித்தான் என்று மகள் படித்துச் சொல்லியிருக்கிறாள். பெண்மரம் தனியாகக் காய்க்காது. எங்கேயோ ஓர் ஆண்மரம் வேண்டும், அதுவும் பூத்திருக்க வேண்டும், அங்கிருந்து இங்கே தேனீ வரவேண்டும். இந்தப் பேராக் மாநிலத்தில் குஞ்சமரம் இரண்டே இரண்டு. ஒன்று இங்கே நிற்கிறது.

"தேனீ எவ்ளோ தூரம்லா பறக்கும்?" என்று வீரம்மா கம்பெனியில் எல்லாரையும் கேட்டாள். யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வீரம்மாவுக்கு அது போதும். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஓய்வு. ஒரு வெண்ணெய் டப்பாவில் கறுநீலக் காய்களைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போக ஆரம்பித்தாள்.

"தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க. உங்க வூட்டுல வெள்ளப் பூ பூக்குற மரம் இருக்குங்களா? இந்த மாதிரி இல்ல, இது காயி. பூ வெள்ளையா, நூலு நூலா இருக்கும்."

மல்லிகைச் செடியைக் காட்டினார்கள். முருங்கையைக் காட்டினார்கள். ஒரு சீனத்தம்பதி உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள்.*

* வீரம்மாவிடம் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். இந்த இனத்துக் குஞ்சமரத்தில் சில மரங்களுக்கு இரண்டும் ஒரே பூவிலேயே இருக்குமாம். அந்த மாதிரி மரம் யார் துணையும் இல்லாமல் தானே காய்க்கும். இதை அவளுக்குத் தெரியவைத்தால் கதை அந்த வரியிலேயே முடிந்துவிடும். அவளும் முடிந்துவிடுவாள். ஆகவே மறைத்துவிட்டேன்.

7

சரி, இனிமேல் ஏமாற்ற முடியாது. கதை மீன் ஐஸிலிருந்து வந்தது என்று முதலில் சொன்னேன் அல்லவா? பாதிப் பொய்.

என் வீட்டுப் பின்பக்கம் ஒரு குஞ்சமரம் நிற்கிறது.

இரண்டரை வருடத்துக்கு முன்னால் பேஸ்புக்கில் ஒரு விளம்பரம்: 'மரம் இலவசம். பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு மட்டும்.' எங்கள் தாமானிலேயே நாலாவது லோரோங்கில், அதாவது நாலாவது சந்தில், ஒரு வாடகை அறை. போனேன். ஒரு பெண் கதவைத் திறந்தாள். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். அவள் பெயர் தினேஸ்வரி இல்லை, உண்மைப் பெயரை எழுதமாட்டேன். மரம் தகரடின்னில் இருந்தது. மறுநாள் ஊரைவிட்டே போகிறேன் என்றாள். மரத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று வரிசையாகச் சொன்னாள், நான் குறித்துக்கொண்டேன். மேலே இரண்டாம் பகுதியில் மரம் வளர்ப்பதைப் பற்றி இருப்பதெல்லாம் அவள் சொன்னதுதான்.

"எல வரலன்னு பயந்து பிடுங்கிடாதீங்க ஆண்ட்டி. லேட்டாத்தான் வரும்."

பிறகு சொன்னாள்: "யாரு வந்து கேட்டாலும் நர்சரில வாங்குனேன்னு சொல்லுங்க. எங்கம்மா பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்தான் இருக்காங்க."

நான் திடுக்கிட்டேன். பெரிய வாய்க்கால் பத்து நிமிஷ நடை. "அவ்வளவு கிட்டவோ? அம்மா என்னம்மா செஞ்சாங்க உன்னை?"

"ஒண்ணும் செய்யல ஆண்ட்டி. நல்லவங்கதான். அதான் மூச்சு முட்டுது." தலையைக் குனிந்துகொண்டாள். "சொல்லமாட்டீங்கல்ல?"

"சொல்லமாட்டேன்," என்றேன்.

அவள் அம்மாவை நான் பார்த்ததே இல்லை. நல்லவரா, நல்லவர் மாதிரி நடிப்பவரா, மகள் ஓடிப்போனது சரியா, தெரியாது. வாக்கு கொடுத்துவிட்டேன். ஆனால் தினமும் காலையில் அந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றும்போது, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் இருக்கிறார், அவருக்கு எதுவும் தெரியாது என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த அம்மாவை எனக்குள் உண்டாக்கிப் பார்த்தால் சொல்லலாமா கூடாதா என்று தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அதற்காகத்தான் வீரம்மா.

எனவே வீரம்மாவின் கணக்கு சரி. மகள் இங்கனதான் இருந்தாள், எட்டு மாதம். என் மரம் ஆண்மரம். மார்ச்சில் அதுவும் பூத்தது. நான் ஐஸ் ஊற்றவில்லை, ஒரு கட்டிகூட.

8

முடிவுகள். மூன்று எழுதினேன்.

முதல் முடிவு: வீரம்மா களைத்துப்போய்த் தேடுவதை நிறுத்திவிடுகிறாள். (இதை எழுதி முடித்த மறுநாள் கோப்பைத் திறந்தால் அந்தப் பத்தி இல்லை. அவள் அடுத்த வீட்டு வாசலில் நின்றாள்.)

இரண்டாம் முடிவு: நான் என் மரத்தை வெட்டிவிடுகிறேன். இதற்காக ஐயாத்துரையிடம் ரம்பம் கேட்டேன். "கதைக்கோ, நெசத்துக்கோ?" என்றார். ரம்பத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். மத்தியானம் மூன்று மணி, நல்ல வெயில். மரத்தடியில் மண் ஈரமாக இருந்தது. நான் காலையில் ஊற்றிய தண்ணீர் எப்போதோ காய்ந்திருக்கும். குனிந்து தொட்டேன். குளிர்ப்பெட்டிக்குள் கைவிட்ட மாதிரி இருந்தது. சருகில் ஏதோ மின்னியது. ஒரு மீன் செதில். எங்கள் வீட்டில் மீன் வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது.

ரம்பத்தை வைத்துவிட்டேன்.

மூன்றாம் முடிவு: அந்தப் பெண்ணுக்குப் போன் போடுகிறேன். எண் என்னிடம் இருந்தது. இதைக் கதையில் செய்யவில்லை, நிஜமாகவே செய்தேன். எடுத்தாள். நான்தான் மரம் வாங்கின ஆண்ட்டி என்றதும் சந்தோஷப்பட்டாள். பூத்ததா என்று கேட்டாள். பூத்தது என்றேன். ஒரு கதை எழுதுகிறேன் என்று சொல்லி, ஐஸ் ஊற்றுகிற அம்மாவைப் பற்றிச் சொன்னேன்.

"ஆண்ட்டி," என்றாள். "அம்மா ஐஸ் ஊத்துறத நான் உங்ககிட்ட சொல்லவே இல்லயே."

"மீன் கம்பெனில வேல செய்றது யாரு சொன்னா? அவங்க வந்தாங்களா? நான் எங்க இருக்கேன்னு சொல்லிட்டீங்களா?"

"இல்லம்மா, நான் சும்மா, கற்பனையா—"

துண்டித்துவிட்டாள். அன்று சாயங்காலம் அந்த எண் பயன்பாட்டில் இல்லை. இன்றுவரை இல்லை. என்னிடம் இருந்த ஒரே கயிற்றை என் கையாலேயே அறுத்துவிட்டேன். கதை எழுதுகிற கொழுப்பு. வேறென்ன சொல்ல?

9

வீரம்மா எங்கள் லோரோங்குக்கு வந்துவிட்டாள். 21ஆம் எண் வீட்டோடு நான் எழுதுவதை நிறுத்தினேன். என் வீடு 31. அந்தப் பக்கம் முழுக்க ஒற்றைப்படை எண்கள்.

எழுதாமல் விட்டால் அவள் அங்கேயே நிற்பாள் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு கோப்பைத் திறந்தேன். 25இல் இருந்தாள். அங்கே என்ன பேசினாள், யார் கதவைத் திறந்தார்கள் என்று முழுப் பக்கம். என் நடை இல்லை. என் நடையைவிட நன்றாகவே இருந்தது. அதற்கடுத்த ஞாயிறு நான் கோப்பைத் திறக்கவில்லை. ஐயாத்துரை பேப்பர் வாங்கிக்கொண்டு வந்தவர் செருப்பைக் கழற்றியபடி சொன்னார்: "ரோட்டில ஒரு மனுசி வீடு வீடாப் போறா. கையில வெண்ணெய் டப்பா."

அவருக்கு நான் ஆறாம் பகுதியைக் காட்டியிருக்கவில்லை.

"எந்த வீட்டில நிக்கிறா?"

"இருபத்தொன்பதில."

அது போன வாரம். இன்று மறுபடி ஞாயிறு. மாலை நாலு மணி. கேட்டை யாரோ தட்டுகிறார்கள். தட்டுகிற சத்தம் உங்களுக்குக் கேட்கிறதோ இல்லையோ, எனக்குக் கேட்கிறது. போய்த் திறந்தேன்.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். நான் எழுதியதைவிடக் குள்ளம். கம்பெனிச் சட்டை. அந்தச் சட்டையை நான் எழுதவில்லை, நீலம். கையில் டப்பா. மீன் வாடை கொஞ்சம்.

"வணக்கம்மா. தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க. உங்க வூட்டுல..."

அதோடு நிறுத்திவிட்டார். (இனிமேல் 'அவள்' என்று எழுத வரவில்லை.) வீட்டுக்குப் பக்கவாட்டு வழியில் மரத்தின் அடி தெரிகிறது. அவர் என்னைப் பார்க்காமல் அதையே பார்த்தார்.

"ஒட்டுக் கட்டுன எடத்துல நைலான் கயிறு இருக்குங்களா?" என்றார்.

எனக்குத் தெரியாது. போய்ப் பார்த்தோம், இரண்டு பேரும். தரையிலிருந்து ஒரு சாண் மேலே, பட்டை விழுங்கிவிட்டிருந்த இடத்தில், ஒரு பச்சைக் கயிற்றின் முடிச்சு மட்டும் வெளியே தெரிந்தது. இரண்டரை வருடமாகத் தண்ணீர் ஊற்றுகிறேன். ஒருநாளும் பார்க்கவில்லை.

"இது நான் போட்ட முடிச்சு. கன்னு பொளந்துக்கப் பாத்துச்சு. தோட்டத்துல எங்கப்பா ரப்பர் கன்னுக்கு இப்பிடித்தான் போடுவாரு." விரலால் அதைத் தடவினார். "நர்சரியில வாங்குனேன்னு சொல்லாதீங்கம்மா."

"சொல்லல," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "அவங்க இங்க இல்லைங்க. போயிட்டாங்க. எங்கன்னு எனக்குத் தெரியாது. நெசமாத் தெரியாது."

தலையாட்டினார். கத்துவார், காலைப் பிடிப்பார், இல்லாவிட்டால் என் சட்டையைப் பிடித்து உலுக்குவார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றுமில்லை. மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார். நாய் எங்கோ குரைத்தது. வெயிலில் இருந்தும் எனக்குக் குளிர்ந்தது.

"ஒண்ணு மட்டும் கேக்குறேன். உள்ளதச் சொல்லுங்க. அப்பறம் உங்கள தொந்தரவு பண்ணமாட்டேன், யாரையும் பண்ணமாட்டேன்." நிமிர்ந்து பார்த்தார். "இத உங்க கையில குடுத்துட்டுப் போறப்ப, அழுதாளா?"

உங்களுக்கு இதுவரை சொல்லாத ஒன்று. மரத்தை நானும் அவளுமாக என் காரில் ஏற்றினோம். கதவைச் சாத்தினேன். கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். அவள் சாலை நடுவில் நின்றாள். இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள், கையில் இனி எதுவும் இல்லை என்பதுபோல். பிறகு சிரித்தாள். பள்ளி விட்ட பிள்ளையாட்டம், குதித்துக் குதித்து, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் ஓடினாள். அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் என் வயதில் அதிகம் பார்த்ததில்லை.

அழுதாள் என்று சொன்னால் இந்த அம்மா நாளைக்கே திரும்பவும் கிளம்பிவிடுவார். அழுகிற மகள் திரும்பி வருவாள் அல்லவா, அதனால் சாகும்வரை தேடுவார். தேடினால் அந்தப் பெண் இன்னும் ஓட வேண்டும். இல்லை, சிரித்தாள் என்று உள்ளதைச் சொன்னால் தேடல் நின்றுவிடும். அந்தப் பெண் தப்பித்துவிடுவாள். இந்த அம்மாவுக்கு என்ன ஆகும் என்பதை நான் எழுதமாட்டேன்.

வாக்கு கொடுத்தவள் நான். போன் போட்டுக் கெடுத்தவளும் நான். எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் இவ்வளவு நேரம் சும்மாதானே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தீர்கள், நீங்கள் சொல்லுங்கள். அழுதாள், அல்லது அழவில்லை, இரண்டில் ஒன்று. கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், அவருக்கு இடது காது மந்தம்.

நான் அவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதை அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.